மகேந்திரராசாக் கட்டி

என் மண்ணீரலில் கட்டி இருக்கிறது என்று தெரியவந்த அன்று ஆஸ்பத்திரியில் கேக் வெட்டினார்கள்.

பொய் இல்லை. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தை மாதம், மொன்றியல் டவுன்டவுனில் பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடி. இடது விலாவுக்குக் கீழே இரண்டு மாதமாக ஒரு பாரம். வாய்வு என்று நினைத்து இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தேன். குறையவில்லை. ஸ்கான் எடுக்கப் போனேன். எடுத்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார், வெளியே ஓடினார். வரும்போது பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பதினொரு பேரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நடுவில் நின்ற, போ டை கட்டிய பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மெஸ்யூ மகேந்திரராசா, வாழ்த்துகள்!"

கட்டி கிட்டி ஒன்றும் இல்லை என்று சொல்லப்போகிறாராக்கும் என்று நினைத்து நானும், "மெர்சி டொக்டர்" என்றேன்.

அவர்தான் பேராசிரியர் லாஃப்ராம்புவாஸ். "அபூர்வ மண்ணீரல் கட்டிகள் உயர்நிலையம்" என்ற ஒன்றின் தலைவர். அரசாங்கம் அதை முழு நிலையமாக அங்கீகரிக்கப் பத்து நோயாளிகள் வேண்டுமாம். ஒன்பது பேர் இருந்தார்கள். நான் பத்தாவது ஆள். அந்த ஒன்பது பேரில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்காக அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடவில்லை. "அவர்களுடைய கோப்புகள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன" என்று நிலையத்தின் செயலாளர் அக்னெஸ் எனக்கு விளக்கம் தந்தார்.

கேக் சாப்பிட்டு முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு பேராசிரியர் விஷயத்துக்கு வந்தார்.

"ஒன்பது சென்டிமீட்டர். சாதுவான கட்டியாகவும் இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். எதுவாயினும் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். ஒரு மணித்தியாலம் தாங்கினால் பெரிய காரியம்."

"அப்படியென்றால் எடுத்துவிடுங்கள் டொக்டர்."

"தாராளமாக எடுக்கலாம். மண்ணீரல் இல்லாமல் மனிதர் வாழலாம். வெட்டி எடுப்பது ஒன்றரை மணித்தியால வேலை. அவ்வளவு சுலபம் என்பதால்தான் நாங்கள் அவசரப்படுவதில்லை."

நான் தலையாட்டினேன். டொக்டர்மார் சொன்னால் தலையாட்டித்தானே எங்களுக்குப் பழக்கம். படித்த மனிதர், போ டை வேறு கட்டியிருக்கிறார், யோசித்துத்தான் சொல்லுவார் என்று நம்பினேன். மடையன் நான்.

என்ன சிக்கல் என்று அக்னெஸ்தான் பொறுமையாகச் சொன்னார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்க ஒரு படிவம் உண்டு. அதில் பதினான்காம் பெட்டி: கட்டியின் பெயர். பெயர் இல்லாமல் கொம்பியூட்டர் நாள் கொடுக்காது. மண்ணீரல் கட்டிக்குப் பெயர் வைப்பதென்றால் அதை வெட்டி, கண்ணாடியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாமே என்றால், ஊசி குத்தினால் இரத்தம் பெருகலாம், அது ஆபத்து. ஆகவே வெட்டி எடுத்தால்தான் பெயர். பெயர் இருந்தால்தான் வெட்டலாம்.

"அப்ப மற்ற ஒன்பது பேருக்கும் என்ன செய்தீர்கள்?"

"அவர்களைத்தான் மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் அக்னெஸ். நல்ல மனுசி. சொல்லும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கையில் ஒரு அட்டையும் தந்தார். நான் செய்யக் கூடாதவை அதில் இருந்தன. பாரம் தூக்கக் கூடாது. இருமக் கூடாது. தும்மக் கூடாது. பலமாகச் சிரிக்கக் கூடாது. வழுக்கி விழக் கூடாது. மொன்றியலில், தை மாதத்தில், வழுக்கி விழக் கூடாதாம்! ஆஸ்பத்திரி வாசற்படியிலேயே நாலு விரல் தடிப்பில் பனிக்கட்டி உறைந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஜெகதீஸ்வரியிடம் சொன்னேன். என் மனுசி அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஏசினாள்.

"எடுக்கலாம் எண்டால் எடுக்க வேண்டியதுதானே? ஏன், பழுக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கினமோ?"

"சும்மா கத்தாதையும். பெரிய டொக்டர். அவருக்குத் தெரியாதே?"

"உங்களுக்கு வெள்ளைக் கோட்டைக் கண்டால் காணும். ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டிப்போட்டு வந்து நிப்பியள்."

அன்றிலிருந்து செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் நான் ஏறினால் அவளும் ஏறுவாள். கைப்பையை என் இடது பக்கத்தில் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு, கிட்ட வருபவர்களையெல்லாம் முறைப்பாள். நான் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிறவன். அட்டையைக் காட்டியதும் முதலாளி என்னை இருத்தி கரட் சீவ வைத்தார். மூன்றாம் நாள் மிளகுத் தூள் பறந்து எனக்குத் தும்மல் வந்தது. குசினியே வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணீர் வழிய நின்றேன். செத்துப்போவேன் என்ற பயத்தில் ஒரு தும்மலை அடக்கியவனுக்குத்தான் அந்த வேதனை விளங்கும்.

மாசியில் கூப்பிட்டு மூன்று தடுப்பூசி போட்டார்கள். மண்ணீரல் எடுக்கிறவர்களுக்கு முன்கூட்டியே போட வேண்டிய ஊசியாம். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அப்போ எடுக்கப்போகிறார்கள்!

"எப்போது?" என்று அக்னெஸைக் கேட்டேன்.

"ஊசி போட்டாயிற்று அல்லவா? இனி நீங்கள் காத்திருப்போர் பட்டியலில் இல்லை. அரசாங்கக் கணக்குப்படி உங்களுக்குச் சிகிச்சை ஆரம்பமாகிவிட்டது. எங்கள் நிலையத்தில் காத்திருக்கும் நோயாளி ஒருவர்கூட இல்லை. மாகாணத்திலேயே நாங்கள்தான் முதலிடம்."

"அப்ப நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?"

அக்னெஸ் கொம்பியூட்டரைத் தட்டிப் பார்த்தார். "குணமாகிக்கொண்டிருக்கிறீர்கள்."

மாதத்தின் கடைசி வியாழக்கிழமைகளில் குழு கூடும். ஏழு பேர். ஒருவர் படம் பார்ப்பவர், ஒருவர் இரத்தம் பார்ப்பவர், ஒருவர் ஒழுக்கம் பார்ப்பவர், இன்னொருவர் வைக்கிற பெயர் முறையான பிரெஞ்சில் இருக்கிறதா என்று பார்ப்பவர். வெட்டுகிற டொக்டரும் உறுப்பினர்தான். ஆனால் அவர் ஒரு வருட ஆராய்ச்சி விடுமுறையில் போயிருந்தார். அவர் இல்லாதது கூட்டத்துக்கு வசதி, பேச்சு இழுபடாமல் நடக்கிறது என்றார் பேராசிரியர். கட்டியின் பெயரைக் கை உயர்த்தி வாக்கெடுப்பில் தீர்மானிக்கப் பார்த்தார்கள். ஒருவர் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்ல, மற்றவர் அதைவிட நீளமாக ஒன்று சொன்னார். மூன்றுக்கு மூன்று. முடிவு அடுத்த மாதத்துக்கு.

கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் வரிசையாக வந்து என் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். முதல் மாதம் இருபது பேர், அடுத்த மாதம் நாற்பது. "மெதுவாக, மெதுவாக" என்று பேராசிரியர் பக்கத்தில் நின்று சொல்லுவார். "இப்படியொன்று உங்கள் வாழ்நாளில் திரும்பக் கிடைக்காது. இருக்கும்போதே தொட்டுப் பாருங்கள்."

நானோ போட்டிருந்த சேட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிவனே என்று கிடந்தேன். நாற்பதாவது ஆளின் கை குளிர்ந்திருந்தது. "சொறி" என்று வயிற்றிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஒரு மாநாடு. என்னை மேடையில் படுக்க வைத்து, பக்கத்தில் என் கட்டியின் படத்தைப் பத்தடி உயரத்தில் காட்டினார்கள். இடைவேளையில் சப்பாத்தெல்லாம் சேறாக ஒரு மனிதர் கோப்பியோடு என்னிடம் வந்தார். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள விவசாய வளாகத்தில் படிப்பிக்கும் மிருக வைத்தியர். தவறுதலாக அழைப்பு அனுப்பிவிட்டார்களாம்.

"எவ்வளவு காலமாக இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"தெரிந்து மூன்று மாதம்."

மனிதருக்குக் கோப்பி புரையேறிவிட்டது. "நாய்களுக்கு இது அடிக்கடி வரும். காலையில் கொண்டுவந்தால் பின்னேரம் மண்ணீரலை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பெயரெல்லாம் பிறகுதான் பார்ப்போம்."

நான் எழும்பி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கம் பார்க்கவில்லை. "மெஸ்யூ, எனக்கும் எடுத்துவிட ஏலுமா? நான் பின்னேரம் வாறன். சத்தம் போடாமல் கிடப்பன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "நாலு கால் இருந்தால் செய்திருப்பேன், ஐயா. இரண்டு காலுக்கு எனக்கு அனுமதிப்பத்திரம் இல்லை."

அன்று மெட்ரோவில் வரும்போது அழுதேன். ஜெகதீஸ்வரி கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சித்திரை மாதம் அக்னெஸ் என் படிவத்தை என் கையிலேயே தந்தார். நிலக்கீழ் மாடியில் உள்ள சத்திரசிகிச்சைக் கந்தோரில் கொண்டுபோய்ப் பதிய வேண்டுமாம். ஆஸ்பத்திரித் தபாலில் போட்டால் ஏழாம் மாடியிலிருந்து கீழே போக மூன்று கிழமை. பதினான்காம் பெட்டி வெறுமையாக இருந்தது. "திருப்பி அனுப்புவார்கள். ஆனால் திருப்பி அனுப்பியதற்கு முத்திரை குத்துவார்கள். அந்த முத்திரை எங்களுக்கு வேண்டும்" என்றார்.

லிஃப்டுக்குள் ஜெகதீஸ்வரி படிவத்தைப் பறித்தாள். "இந்த ஒரு பெட்டிக்காகவோ இவ்வளவு கூத்தும்?"

"அது கட்டியின்ரை பேரப்பா. ஆருக்கும் தெரியாது."

"எங்கட அகதி வழக்குக்கு எத்தினை பெட்டி இருந்தது? ஒண்டையாவது வெறுமையா விட்டனாங்களே? வெறும் பெட்டி எண்டால் திருப்பித்தான் அனுப்புவாங்கள். பேனையை எடுங்கோ."

"என்னத்தையப்பா எழுதிறது?"

"உங்கட உடம்பில பிறந்தது. தேப்பன்ரை பேரைத்தானே வைக்கிறது. எழுதுங்கோ!"

எழுதினேன். எங்கள் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில் மகேந்திரராசா. இதுவும் மகேந்திரராசா. கீழே இருந்த பெண் கண்ணாடியைச் சரிசெய்து, எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். கொம்பியூட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, நம்பமாட்டீர்கள், நாள் கொடுத்தது. வைகாசி நான்காம் தேதி, காலை எட்டு மணி.

ஜெகதீஸ்வரி அந்தக் கந்தோரிலேயே என்னைக் கட்டிப்பிடித்தாள். வலது பக்கமாக.

வைகாசி இரண்டாம் தேதி பேராசிரியரிடமிருந்து தொலைபேசி. உடனே வரச் சொன்னார். போனால், விடுமுறையில் இருந்தவர் தவிரக் குழுவின் ஆறு பேரும் எழுந்து நின்றார்கள்.

"மெஸ்யூ, உலகத்தின் எந்தப் புத்தகத்திலும் மகேந்திரராசாக் கட்டி என்று ஒன்று கிடையாது. நானூறு சஞ்சிகைகளில் தேடினோம். இதன் பொருள் உங்களுக்கு விளங்குகிறதா? உலகத்தில் ஒன்றே ஒன்று!"

"டொக்டர், அது என்ரை பேர். நான்தான் எழுதினேன்."

"தெரியும். நோயாளியின் பெயரும் இருக்கட்டும் என்று நினைத்தது உங்கள் பெருந்தன்மை. ஆனாலும் வழக்கப்படி கண்டுபிடித்தவரின் பெயர் முன்னால் வர வேண்டும். லாஃப்ராம்புவாஸ்–மகேந்திரராசாக் கட்டி. அன்று உங்களுக்கு ஸ்கான் எடுத்தவர் தங்கள் ஆள், அவர்தான் முதலில் பார்த்தார் என்று இந்த ஊர் ஆங்கிலப் பல்கலைக்கழகத்தார் வழக்குப் போடப்போகிறார்கள். போடட்டும்."

"அப்ப நாளையின்றைக்கு எடுப்பீர்கள்தானே?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதோ கோயிற் சிலையை உடைக்கக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார்.

"உலகத்தில் ஒன்றே ஒன்று இருப்பதை வெட்டி எறிவதா? அதை அதன் இயற்கைச் சூழலில் வைத்துப் பேண வேண்டும்."

"இயற்கைச் சூழல் என்றால்?"

"நீங்கள்தான்" என்றார். மற்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

கோதாரி! அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் கத்துவதும் அட்டையில் எழுதியிருந்தது, கூடாதென்று. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேறு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தோம். எங்கே போனாலும் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்கள் உயர்நிலையத்தின் பொறுப்பில் இருக்கிறீர்கள், அதைவிட நல்ல இடம் இந்த நாட்டிலேயே இல்லை" என்று கும்பிடாத குறையாகத் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனி மாதம் முழு நிலையமாகத் திறப்பு விழா. கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் இருந்தேன். பேராசிரியர் பேசினார்.

"நண்பர்களே, எங்களைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்து கிழித்தீர்கள் என்று கேட்கிறார்கள். பெருமையோடு சொல்கிறேன். பத்து வருடத்தில் இந்த நிலையம் ஒரு கட்டியைக்கூட இழந்தது கிடையாது. நோயாளிகள் வரலாம், போகலாம். நாங்கள் கட்டிகளைக் கைவிடமாட்டோம்!"

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. பிறகு என்னைக் கட்டிலில் கிடத்தினார்கள். அமைச்சிலிருந்து வந்த பெரிய மனிதர் தானும் ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். அவர் டொக்டர் இல்லை, முன்னர் மீன்பிடித் துறையில் இருந்தவராம். மெதுவாக என்றால் எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெருவிரலால் ஒரு அமத்து.

உள்ளே ஏதோ பிய்ந்தது. இடது தோளில் கத்தி குத்தியதுபோல் ஒரு நோவு. மண்டபத்து விளக்குகள் எல்லாம் தூரப் போயின.

பிறகு நடந்ததை ஜெகதீஸ்வரி சொல்லித்தான் அறிந்தேன். பேராசிரியர் இரண்டு கையையும் விரித்து, "யாரும் தொட வேண்டாம், குழுவைக் கூட்டுகிறேன்" என்றாராம். குழு அங்கேதான் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை இல்லையே, அது செவ்வாய். அதைப் பற்றி அவர்கள் கதைக்கத் தொடங்க, இவள் பெரிய மனிதரைத் தள்ளி விழுத்திவிட்டு, கட்டிலைச் சில்லோடு இழுத்துக்கொண்டு, லிஃப்டில் ஏறி, கீழே அவசர சிகிச்சைப் பிரிவுக்குள், "என்ரை மனுசன் சாகுது!" என்று தமிழில் கத்தியபடி நுழைந்தாளாம். அங்கே றோசலின் என்றொரு ஹெயிட்டிப் பெண், அந்தப் பிரிவில் வெட்டுகிற டொக்டர், நின்றிருக்கிறாள். என் வயிற்றைப் பார்த்தாள், இரத்த அழுத்தம் பார்த்தாள், படிவம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலம் பத்து நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டாள்.

கண் விழித்தபோது ஜெகதீஸ்வரி என் வலது கையைப் பிடித்திருந்தாள். தும்மினேன். தையல் நொந்தது. ஆனால் சாகவில்லை. இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

பத்து நாள் கழித்து பேராசிரியர் வந்தார், செத்த வீட்டுக்கு வருகிறவர் முகத்தோடு. கட்டியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாயிற்றாம். சாதாரண இரத்தக்குழாய்க் கட்டி. சாதுவானது. மண்ணீரலில் வருகிற கட்டிகளுக்குள் மிகச் சாதாரணமானதும் அதுதானாம்.

"மிகவும் வருந்துகிறேன், மெஸ்யூ" என்று என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "புற்றாகவாவது இருக்கும் என்று நம்பியிருந்தோம்."

பிறகு ஒரு கடிதத்தை நீட்டினார். டொக்டர் றோசலின் மீது முறைப்பாடு. பெயர் உறுதியாகாத ஒரு கட்டியை, குழுவின் அனுமதி இன்றி, நோயாளி நினைவிழந்திருந்த வேளை பார்த்து அகற்றிவிட்டாள் என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அவளால் நாங்கள் ஒன்பதுக்கு இறங்கிவிட்டோம். உங்களுக்கும் இழப்புத்தானே?"

நான் பதினாறு வருடமாக இந்த நாட்டில் ஒரு டொக்டரையும் எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "என்ரை உயிரைக் காப்பாத்தினவளுக்கு எதிராய் நான் கையெழுத்து வைக்கிறதோ? எழும்பிப் போம் காணும்!" என்று தொண்டை கிழியத் தமிழில் கத்தினேன். ஜெகதீஸ்வரி கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்தாள். பேராசிரியர் எழும்பி, நோயாளிக்கு அதிர்ச்சியால் குழப்பம் ஏற்பட்டிருப்பதாகக் கோப்பில் எழுதிவிட்டுப் போனார்.

என் கையெழுத்து இல்லாமலே விசாரணை நடந்தது. றோசலினுக்குத் தண்டனை இல்லை, பயிற்சியாம். ஆவணி பதினெட்டு வெள்ளிக்கிழமையோடு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து எடுத்து, படிவம் நிரப்பும் முறை படிக்க ஆறு மாதம் அனுப்புகிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு டப்பா லட்டோடு போய் அவளைக் கண்டு, நன்றி சொன்னேன். மற்ற ஐந்து பேரின் கதையையும் சொன்னேன், நாலு பேர் முடிந்துபோன கதையையும் சொன்னேன். அவள் லட்டைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏழாம் மாடிக்குப் போய் வெட்ட எனக்கு ஏலாது. என் வாசலில் வந்து விழுந்தால் ஏலும், இன்று நாலு மணிவரை" என்றாள்.

வெளியே வந்து லிஃப்டடியில் பார்த்தால், ஒரு தமிழ்ப் பிள்ளை. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். ஒரு கையில் ஸ்கான் உறை, மற்றக் கை இடது விலாவில்.

"அங்கிள், தமிழோ? உயர்நிலையம் ஏழாம் மாடிதானே? நான் நிருஷா. கார்டெரியில பிள்ளையள் பாக்கிறனான். எனக்கு மண்ணீரல்ல ஏதோ கட்டியாம். பெரிய பேராசிரியர் தானே போன் எடுத்துச் சந்தோசமாக் கதைச்சவர். நான்தான் பத்தாவது ஆளாம்."

மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

"பிள்ளை, மேல போகாதை. என்னோட வா."

"ஏன் அங்கிள்? அப்பொயின்ட்மென்ட் நாலு மணிக்கு."

"வா எண்டு சொல்லிறன்."

அவசர சிகிச்சைப் பிரிவின் கதவடிவரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு என்னைப் பார்க்கப் பயமாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் வந்தாள்.

"இப்ப விழு."

"என்ன?"

"நிலத்தில விழு பிள்ளை. மெதுவா, வலப் பக்கமாய் விழு. விழுந்து கிடந்து கத்து."

"அங்கிளுக்கு விசரோ? எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். வெக்கத்தைப் பாத்தால் செத்துப்போவாய், அம்மா. நான் ஆறு மாசம் சேட்டைத் தூக்கிக்கொண்டு கிடந்தனான். விழு!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, மெல்லக் குந்தி, வலப்பக்கமாகச் சரிந்து, கூச்சத்தோடு "ஐயோ" என்றாள். அது அவளுக்கே கேட்டிராது. மிச்சத்தை நான் கத்தினேன். என் தையல் தழும்பெல்லாம் பிரிந்து போகட்டும் என்று கத்தினேன்.

கதவு திறந்தது. றோசலின் ஓடி வந்து முழங்காலில் இருந்தாள். பிள்ளையின் தலையைத் தன் மடியில் ஏந்தினாள். முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்கே நோகுது, அம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டடத்தில் அத்தனை மாதம் கிடந்தும், அத்தனை கை பட்டும், ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்டிராத கேள்வி. நிருஷாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல. அவள் நடிப்பதை விட்டுவிட்டாள். விலாவுக்குக் கீழே கையை வைத்து, "இங்கை" என்று சொல்லி விம்மி விம்மி அழத் தொடங்கினாள்.